பாரம்பரிய மாதத்துக்கு நான்தான் சேலை கட்ட வேண்டுமா?

கேள்வி: லண்டனில் பிறந்தவள் நான், அம்மா அப்பா யாழ்ப்பாணம். உளவளத்துணையாளர் பயிற்சியின் கடைசி ஆண்டில், ஓர் உளநல நிலையத்தில் வேலை பழகுகிறேன். தென்னாசியப் பாரம்பரிய மாதம் வருகிறது. குழுவில் தென்னாசிய முகம் நான் ஒருத்திதான். அதனால் சேலை கட்டி வந்து ‘தென்னாசியரும் உளநலமும்’ பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்கிறார்கள். சமோசா, மருதாணி எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று. எனக்குப் பெருமையா எரிச்சலா என்றே தெரியவில்லை. இன்னொன்று: என்னிடம் வரும் தமிழ் அன்ரிமார் முதல் நாளே ‘பிள்ளை எந்த ஊர்?’ என்று கேட்கிறார்கள். பதில் சொல்வது தொழில் எல்லையை மீறுவது என்கிறார் என் சூப்பர்வைசர். என்ன செய்யட்டும்?
– லண்டன் வாசகி

பதில்: தங்கச்சி, எரிச்சல் வந்தால் வரட்டும், அதில் பிழையில்லை. பஞ்சாபி, குஜராத்தி, வங்காளி, நேபாளி, யாழ்ப்பாணத்தார் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒருத்தி ஒரு மணி நேரத்தில் என்னத்தைச் சொல்வது? ஆனாலும் மேடையை விட்டுவிடாதீர்கள். தலைப்பை மட்டும் உங்கள் கையில் எடுங்கள்.

பிரிட்டனில் 2020இல் இந்த மாதத்தைத் தொடங்கியபோது ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 17 வரை என்று வைத்தார்கள். 1947 ஜூலை 18 இந்திய சுதந்திரச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்த நாள்; ஆகஸ்ட் 17 இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்து ராட்கிளிஃப் கிழித்த எல்லைக்கோடு வெளியான நாள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் வேர் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். எங்கள் வீடுகளில் ஜூலை என்றால் 1983. கொழும்பில் தமிழரின் வீடும் கடையும் எரிய, அகதி முகாமில் இருந்து கப்பலேறி வடக்கே போன குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் உங்கள் நகரத்தில் இருக்கிறார்கள். நிலையத்தில் மருதாணி போடுகிற அதே கிழமை, வெளியே காத்திருக்கும் ஒரு தமிழ் ஐயாவுக்கு நித்திரை கெடுகிற கிழமையாக இருக்கலாம். இதைச் சொல்லத்தான் உங்களுக்கு மேடை வேண்டும். அந்த நாட்களில் ஒருவர் வராமல் விட்டால் ‘வரவில்லை’ என்று பதிந்து கோப்பை மூடிவிடாமல் ஒரு தரம் தொலைபேசி எடுங்கள் என்று குழுவிடம் கேளுங்கள்.

அப்புறம், முன்னோர் கதை. உங்கள் பாடப்பட்டியலில் இவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பியரிடம் கண்டதை என் இந்திய நோயாளிகளிடம் அதே அளவில் காணவில்லை என்று, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டுக்கே எழுதியவர். ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவில் இருந்து போன தந்த விஷ்ணு சிலை இன்றும் லண்டன் ஃபிராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். அமிர்தசரஸில் உளமருத்துவர் வித்யா சாகர் 1950களில் மனநல மருத்துவமனை வளவிலேயே கூடாரம் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடவே தங்க வைத்தார். ஆலோசனை அறைக்குள் அம்மா வந்தால் இடைஞ்சல் என்று உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்களே, அதோடு இதைச் சேர்த்து யோசியுங்கள்.

பிரிட்டனிலேயே ஆள் இல்லையா? கல்கத்தாவில் பிறந்த ஜாஃபர் கரீம், வருபவர்கள் தங்கள் மொழியிலேயே மனம்விட்டுக் கதைக்க வேண்டும் என்று 1983இல் வடலண்டனில் நஃப்சியாத் என்ற உளச்சிகிச்சை நிலையத்தை நிறுவினார். இலங்கையில் பிறந்த சுமன் பெர்னாண்டோ, உளமருத்துவத்துக்குள் இனவாதம் எப்படி வேலை செய்கிறது என்று வாழ்நாள் முழுக்க எழுதினார்; உளநலச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து 2007இல் அரச விருதையும் மறுத்தார். போர் நடுவில் வடக்கில் வைத்தியம் பார்த்த தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்துத்தான் என்று காட்டினார். கொண்டாடுவதென்றால் இந்த வாதங்களைக் கொண்டாடுங்கள்.

பாரம்பரியம் எல்லாமே மருந்து என்று மட்டும் பேசிவிடாதீர்கள். 2001 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவில் மனநோய் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்டு, சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அதுவும் எங்கள் கதைதான்.

சரி, ‘எந்த ஊர்’ விஷயத்துக்கு வருவோம். சூப்பர்வைசர் சொல்வது பாதி சரி. அன்ரி கேட்பதற்குக் காரணம் ஒன்றல்ல. வன்னி எங்கே இருக்கிறது என்று இந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று தெரிந்தால் அவவுக்கு ஆறுதல். அதே நேரம் பயமும் உண்டு: என் கதை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விடுமோ? மூன்றாவதையும் மறைக்க வேண்டாம். ஊரைக் கேட்டு, பிறகு ‘ஊரிலே எவடம்?’ என்று தொடங்கி, எந்தக் கோயிலடி என்று போனால் அது பெரும்பாலும் சாதி விசாரணை. உங்கள் சூப்பர்வைசருக்கு இது பிடிபடாது; நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நானாக இருந்தால், “அம்மா அப்பா யாழ்ப்பாணம், நான் இங்கே பிறந்தது” என்று சொல்லி அதோடு நிறுத்துவேன். பிறகு, “உங்களைத் தெரிந்த ஆக்களை எனக்கும் தெரியுமோ என்று யோசிக்கிறீங்களா அன்ரி?” என்று நேரே கேட்பேன். என்ன எழுதி வைக்கிறோம், யார் வாசிப்பார்கள், உயிருக்கு ஆபத்து போன்ற எந்த நிலையில் வெளியே சொல்ல வேண்டி வரும் என்பதைத் தமிழிலேயே விளக்குங்கள். “தேர்த் திருவிழாவில் கண்டால் நானாக வந்து கதைக்க மாட்டேன், நீங்கள் கதைத்தால் கதைப்பேன்” என்பதையும் முதல் நாளே சொல்லி வையுங்கள். நடந்ததை அப்படியே சூப்பர்வைசரிடம் கொண்டுபோங்கள். ஒளிக்க இதில் ஒன்றுமில்லை.

சேலை உங்கள் விருப்பம். ஒரு மணி நேரத்தையும் நீங்களே பேசாமல், உங்கள் நிலையத்துக்கு வரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டு இருபது நிமிடம் கொடுங்கள். ஆண்டு முழுக்க அந்த அறைகளில் மற்றவர்களின் அழுகையை வேறு மொழியில் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான். அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அவருக்கு வழக்கமான மணிக்கூலி, உங்கள் ஆயத்தத்துக்கு வேலை நேரத்தில் அரை நாள். இரண்டையும் இந்தக் கிழமையே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.