அக்கா கல்யாணத்துக்கு என் கையால் செய்து கொடுத்தால் எடுபடுமா?

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம், கையில் பெரிய தொகை இல்லை, என் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசை, ஆனால் வெள்ளிச் சாமானும் மிக்சியுமாக வந்து இறங்கும் இடத்தில் அது எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுபடும். ஆனால் என்ன செய்வது என்று யோசிக்கும் முன்னால், அக்கா அதில் எதை வைப்பாள், எங்கே வைப்பாள், எந்தக் கையால் எடுப்பாள் என்று யோசியுங்கள். இதை என் அப்பத்தாவிடம் கற்றேன்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. அப்பத்தா பனை ஓலையில் கொட்டான், அதாவது சின்னக் கூடை, முடைவாள். எங்கள் பக்கத்து நகரத்தார் ஆச்சிமார் வீட்டுக் கல்யாணம் என்றால் கொட்டான் இல்லாமல் நடக்காது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம், பலகாரம் எல்லாம் அதில்தான் வரும், போகும். யாராவது கொட்டான் கேட்டு வாசலில் வந்து நின்றால் அப்பத்தா முதலில் விலை சொல்ல மாட்டாள். “என்னத்த வைக்கப் போறீக?” என்றுதான் கேட்பாள். வெற்றிலை பாக்குக்கு உள்ளங்கை அளவு போதும். பழத்துக்கு உயரம் வேண்டும். அரிசி என்றால் அடி அகலமாக, பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும். பூ வைக்க என்றால் கொஞ்சம் காற்று போக விடுவாள். பதில் வந்த பிறகுதான் ஓலையை நனைப்பாள்.

எனக்கு இது புரிய ஒரு தப்பு நடக்க வேண்டியிருந்தது. நான் முதன்முதலில் பரிசாகச் செய்தது என் மதினி கல்யாணத்துக்கு. பெரிய கொட்டான், நல்ல ரோஸ் நிறச் சாயம், வாய் ஓரமெல்லாம் பாசிமணி. பதினைந்து நாள் உட்கார்ந்து செய்தேன். எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள், பாராட்டினார்கள். கல்யாணத்தன்று காலையில் மதினி தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரத்தை அதில் வைத்து மூடினாள். எடுக்கும்போது பூவெல்லாம் ரோஸ். சாயத்தில் முக்கிய ஓலையை, அலசுகிற தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசியிருக்க வேண்டும். இரண்டு தண்ணீரோடு நிறுத்திவிட்டேன். மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூவை வாழை இலைக்கு மாற்றிக்கொண்டாள். எனக்குத்தான் தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் கொட்டான் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பூ வைக்கிறவளுக்குச் செய்கிறேன் என்பது என் மனதில் இல்லை, பார்க்கிற கூட்டம்தான் இருந்தது. அதனால்தான் அப்படி ஆனது.

சரி, கொட்டான் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். கற்றுக்கொள்ள முடியாத வேலை இல்லை.

பனையின் இளம் குருத்தோலை வேண்டும். வெயிலில் காய்ந்தால் பச்சை போய் வெளுத்து, சந்தன நிறத்துக்கு வரும். நடு ஈர்க்கை எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். சின்னக் கொட்டானுக்கு நான் அரை விரல் அகலம் வைப்பேன். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கடைசி வரைக்கும் கோணல்தான். சாயம் வேண்டும் என்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி எடுத்து, நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். பின்னுவதற்கு முன்னால் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓலை ஒடியாமல் மடங்கும்.

குறுக்கே எட்டு, நெடுக்கே எட்டு என்று பாய் போல அடியைப் பின்னுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, அவ்வளவுதான். ஒவ்வொரு வரிசைக்கும் ஓலையை நகத்தால் தள்ளி நெருக்க வேண்டும். அடி முடிந்ததும் வருகிற இடம்தான் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இரண்டு ஓலையைப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காகப் போட்டு இழுத்தால், தரையில் தட்டையாகக் கிடந்தது சட்டென்று எழுந்து நிற்கும். அங்கே ஒரு மூலை பிறந்துவிடும். நான்கு பக்கமும் இப்படிச் செய்தால் கொட்டானுக்கு உருவம் வந்துவிடும். பிறகு வேண்டிய உயரத்துக்குச் சுற்றிப் பின்னி, ஓலை நுனிகளை மடக்கி உள்பக்கமே பின்னலுக்குள் செருகிவிட வேண்டும். என்னிடம் பழகிய பிள்ளைகள் பலருக்கும் மூன்றாவது, நான்காவது கொட்டானில் கை படிந்துவிட்டது. அதனால் முதலில் செய்ததைக் கொடுக்காதீர்கள், ஐந்தாவதைக் கொடுங்கள்.

முடித்த கொட்டானை இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும், மழை மாதத்தில் சொல்லவே வேண்டாம்.

அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் வந்து பின்ன முடியாமல் போனது. கட்டிலோரத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் மூக்குக் கண்ணாடி, மாத்திரை அட்டை, திருநீற்றுப் பொட்டலம். தடவி எடுக்கும்போது ஒன்றை எடுத்தால் இன்னொன்று கீழே விழும். நான் நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கை எப்படிப் போகிறது என்று மட்டும் பார்த்தேன். பிறகு அடி அகலமாக, நாலு விரல் உயரத்தில், வாய் நன்றாக விரிந்த ஒரு கொட்டான் பின்னினேன். சாயம் இல்லை, மணி இல்லை. கை பட்டால் கவிழாமல் இருக்க அடிக்கு ஓலையை இரட்டையாகப் போட்டேன். உள்ளே அவளுடைய பழைய சேலைத் துணியை ஒட்டாமல், நூலால் பிடித்துத் தைத்தேன், அழுக்கானால் பிரித்துத் துவைக்கலாம் என்று.

கொடுத்ததும் அப்பத்தா உள்ளே பார்க்கவில்லை. கவிழ்த்து அடியைப் பார்த்தாள். விரலால் நாலு மூலையையும் தடவினாள். “அடி நிக்கும்டி” என்றாள். அவளிடம் அவ்வளவு பெரிய வார்த்தையை அதற்கு முன் நான் வாங்கியதில்லை. இரண்டு வருடம் அந்த ஸ்டூலில் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. அவள் கட்டைவிரல் பட்ட ஓரம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல மினுமினுப்பாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கூடையும் வயர் கூடையும் வந்த பிறகு கொட்டான் முடைகிறவர்கள் எங்கள் பக்கம் ரொம்பக் குறைந்துபோனார்கள். விசாலாட்சி ராமசுவாமி அவர்களின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்சுரல் ஃபவுண்டேஷன் கிராமத்துப் பெண்களைப் பழக்கி, இந்தக் கைவேலையை மறுபடி எழுப்பியது. இன்றைக்குச் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆச்சிமார் கொட்டானுக்குப் பாசிமணி கோத்து, நூலில் லேஸ் பின்னி அலங்காரம் செய்வார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் நின்று பாருங்கள். பாத்திரங்களைக் கவிழ்த்தும் பாருங்கள், குடும்பத்து விலாசம், அதாவது பெயரின் முதலெழுத்துகள், வெட்டியிருக்கும். இன்னார் வீட்டுச் சாமான் என்று அந்த எழுத்தே சொல்லிவிடும். நான் யாருக்குக் கொட்டான் செய்தாலும், அடியில் ஒரே ஒரு ஓலையை வேறு நிறத்தில் ஓட்டுவேன். அது வெளியே தெரியாது. வாங்குகிறவருக்கும் எனக்கும் தெரியும்.

ஓலை கைக்கு வரவில்லை என்றால் துணி எடுங்கள். வீட்டில் பழைய காரைக்குடிக் கண்டாங்கி இருந்தால் விடாதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை அது. கட்டம் போட்ட பருத்தி, அகலமான கரை. துவைக்கத் துவைக்க மெதுவாகும், இழை விடாது. கரையைத் தனியாக வெட்டிப் பிடியாக வைத்துத் தைத்தால் காய்கறி வாங்கப் போகிற பைக்கு அதைவிட உறுதி வேண்டாம். அம்மாவின் சேலையிலிருந்து தைத்தது என்றால் அக்காவுக்கு அது வேறு கணக்கு.

பலகாரம் செய்து கொடுப்பதும் உண்டு. சீப்புச் சீடை, மாவுருண்டை இரண்டும் பயணத்தைத் தாங்கும். நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் சீடை நமுத்துப்போகும். ஆனால் கல்யாண வீட்டில் பலகாரத்துக்கு என்ன குறை? அதை மறுவீட்டுக்கோ, அவள் தனிக்குடித்தனம் போன பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, அக்கா ராத்திரி படுக்கும் முன்னால் கழற்றி வைக்கும் வளையல், கிளிப், சேஃப்டி பின் எல்லாம் எங்கே போகின்றன என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவை பிடிக்கிற இடத்தை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வையுங்கள். அதுதான் கொட்டானின் அடி. உயரம் அவளுடைய மூன்று விரல் இருந்தால் போதும், கையை விட்டுத் துழாவ வேண்டியதில்லை. வைகாசி வெயிலில் ஓலையைக் காயப்போட்டுவிடுங்கள், ஆனி முழுக்கப் பழகுங்கள், ஆடியில் நல்லதாக ஒன்று பின்னிவிடலாம். மூலை திருப்புகிற இடத்தில் சிக்கினால் இங்கேயே கேளுங்கள். ஒவ்வொரு மடிப்பாகப் படம் எடுத்துப் போடுகிறேன்.