‘அவன் பாவம்’ என்றால் அவன் பாவம் செய்தவனா?

வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் வாசகி ஒருவரின் கேள்வி: “‘பொய் சொல்வது பாவம்’ என்று படித்த மாணவன், கதையில் ‘அவன் பாவம், விட்டுவிடு’ என்று வந்ததும், ‘அவன் என்ன பாவம் செய்தான் மிஸ்?’ என்கிறான். எப்படி விளக்குவது?”

நல்ல கேள்வி. அந்த இரண்டு வாக்கியங்களையே பலகையில் எழுதிவிடுங்கள். ஒரு செயலைப் பாவம் என்றால் அது அறத்துக்கு மாறானது. ஒரு ஆளையோ நாய்க்குட்டியையோ பாவம் என்றால் அது இரக்கம். தீங்கு செய்தவனைச் சொல்லத் தமிழில் ‘பாவி’ என்று தனிச்சொல் இருக்கிறது. ‘அவன் பாவி’, ‘அவன் பாவம்’ இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்.

வடமொழியின் ‘பாபம்’தான் நம்மிடம் பாவம் ஆனது. பிறன்மனை நாடுபவனை விட்டு நீங்காதவை என்று “பகைபாவம் அச்சம் பழி” நான்கையும் அடுக்குகிறது திருக்குறள் (146). பாவமும் பழியும் அங்கே வேறுவேறு. பழி ஊர் வாயில் இருப்பது. பாவம் யாருக்கும் தெரியாவிட்டாலும் செய்தவனோடு ஒட்டிக்கொண்டிருப்பது. “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்” என்ற பழமொழியைச் சொன்னால் பெரிய பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்றைய துன்பம் முன்பு செய்த வினையின் பயன் என்ற நம்பிக்கையிலிருந்து இரக்கப் பொருள் கிளைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட இதே சொல்லுக்கு இந்த இரண்டு பொருளும் உண்டு. மலையாளத்தில் ‘பாவம்’ என்றாலே ஏழை, சாது.

பிள்ளைகள் தடுமாறக்கூடிய இடம் இன்னொன்று. ‘பாவம் பார்த்து விட்டுவிட்டார்’ என்பதில் இருப்பது இரக்கம். ‘பாவ புண்ணியம் பார்க்காதவன்’ என்பதில் இருப்பது மனசாட்சி. பாவமன்னிப்பு, பாவம் போக்குதல் எல்லாம் இந்தப் பக்கம்தான். முகபாவம் வேறு சொல், அதை இதோடு கலக்க வேண்டாம். சட்டம் மீறியதைச் சொல்லக் குற்றம் என்ற சொல் இருக்கிறது.

அப்புறம், இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் நண்பனைப் பார்த்து, அவன் காதுபட ‘ஐயோ பாவம்’ என்றால் அவனுக்கு வலிக்கும். அந்த இடத்தில் ‘வா, விளையாடலாம்’ போதும்.