வெளிநாட்டில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பெண்கள் தனிமையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் 2012 அக்டோபரில் கணவரோடு அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு வந்தேன். எச்-4 விசா. கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைப்பது. அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவியும் வேலை அனுமதி வாங்கலாம் என்று 2015 மே மாதம் விதி வந்தது. எங்களுக்கு அந்தக் கட்டம் வர இன்னும் சில வருடம் பிடித்தது. ஊரில் ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தவள் நான். இங்கே காலை எட்டு மணிக்கு அவர் கிளம்பிவிட்டால் சாயங்காலம் ஆறு வரைக்கும் நானும் சுவரும்தான்.

டிவி இருந்தது, இன்டர்நெட் இருந்தது, பொழுது எப்படியோ போயிற்று. ஆனால் இருட்டத் தொடங்கும்போது, இன்றைக்கு என்னால் யாருக்கும் ஒரு காரியமும் ஆகவில்லையே என்று தோன்றும். அதுதான் என்னை வாட்டியது. அதனால் பொழுதுபோக்குப் பட்டியல் தராமல், எனக்கு எது வழிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பொறையார். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய தரங்கம்பாடி சைக்கிளில் போகும் தூரம். தலைமுறையாக லுத்தரன் சபை, புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921இல் முதல் பிஷப் ஆனவர் ஸ்வீடன்காரர். மின்னசோட்டாவில் பார்த்தால், அதே ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்களின் வம்சம்தான் ஊர் முழுக்க. லுத்தரன் கோயில் திரும்பின பக்கமெல்லாம் இருக்கும். அதனால் ஞாயிறு ஆராதனைக்குப் போக எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் போய் வந்தும் பழக்கம் ஏற்படவில்லை. கை குலுக்குவார்கள், காபி கொடுப்பார்கள், பனி எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்லவில்லை, இந்த ஊர்க்காரர்களுக்குப் பேச்சை வளர்த்து வராது. எனக்கும் அப்போது ஆங்கிலத்தில் சரளமாகப் பேச்சு வராது. பேசிப் பழக வேண்டும் என்று காத்திருந்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆராதனைத் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: செவ்வாய் காலை 9 மணி, போர்வை தைக்கிறவர்கள், கீழ்த்தளம். வெளியே மைனஸ் இருபது டிகிரி. எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. 78 வயதுப் பாட்டி ஒருவர் தானே காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போனார்.

கீழ்த்தளத்தில் நாலைந்து நீள மேஜை, இரண்டு தையல் மிஷின், சுவர் ஓரம் அட்டைப்பெட்டி நிறைய யார் யாரோ கொடுத்த துணி. லுத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்ற நிவாரண அமைப்பு 1945இல் தொடங்கியது. அதற்காக அமெரிக்கா முழுக்க லுத்தரன் கோயில்களில் பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைத்து அனுப்புகிறார்கள். போர்வை 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். எங்கள் குழுவின் கணக்கு பத்தரை அங்குலச் சதுரமாக வெட்டுவது. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் பத்து அங்குலம் நிற்கும். அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு, மொத்தம் 48 சதுரம். அதுதான் மேல்துணி. நடுவில் பஞ்சு விரிப்போ பழைய கம்பளியோ வைப்போம். அடியில் பழைய படுக்கை விரிப்பு.

மூன்றையும் சேர்க்கத் தையல் போடுவதில்லை, முடிச்சுத்தான். நீள ஊசியில் கெட்டி நூல் கோத்து, சதுரங்கள் கூடும் இடத்தில் மேலிருந்து அடிவரை குத்தி, பக்கத்திலேயே மேலே எடுக்க வேண்டும். நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை என்று வரிசை முடியும்வரை போகலாம். அப்புறம் இடையிடையே கத்தரித்து, இரண்டு நுனியையும் பிடித்து, வலதை இடதின் மேல் ஒரு தடவை, இடதை வலதின் மேல் ஒரு தடவை. இழுத்தால் கெட்டியாக உட்கார்ந்துவிடும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் நாலு சலவையில் அவிழ்ந்துவிடும். மூலைகள் 35, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒன்று என்றால் 83 முடிச்சு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு போர்வைக்கு ஒரு காலை நேரம் சரியாக இருக்கும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயர் கூடை பின்னிப் பழக்கம். சிவன் கண், நெல்லிக்காய் என்ற பின்னல் எல்லாம் அத்தை சொல்லிக் கொடுத்தது. விரலுக்கு இழுப்பு தெரியும். பத்து நிமிடத்தில் எனக்கு முடிச்சு பிடிபட்டுவிட்டது. எதிரே இருந்த பாட்டி என் முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார், அவிழவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த போர்வையையும் என் பக்கம் தள்ளினார். இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் ஒருவர் என்னை நம்பி ஒரு வேலையைத் தந்தது அதுதான் முதல் தடவை.

துணி பொறுக்கும்போது ஒரு விதி சொன்னார்கள்: சிலுவைப் படம் போட்டது வேண்டாம், கொடி வேண்டாம், ராணுவ உடை மாதிரித் துணியும் வேண்டாம். போர்வை யார் கைக்குப் போகும், அவர்கள் எந்த மதம், எந்தச் சண்டையில் வீட்டை விட்டு வந்தவர்கள் என்பதைப் பொறுத்து அது அவர்களை நோகடிக்கலாம். கோயிலின் கீழே உட்கார்ந்து தைக்கிற போர்வையில் சிலுவை வேண்டாம் என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

எனக்குப் போர்வை என்றால் 2004 டிசம்பர் 26 ஞாபகம் வரும். தரங்கம்பாடியில் கடலோரத்தில் இருந்த அத்தை வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தபோது அத்தைக்கு ஒரு போர்வை கிடைத்தது. வீடு கட்டி, வேறு நல்ல போர்வைகள் வந்த பிறகும் அதைத் தூக்கிப் போடவில்லை. துவைத்துத் துவைத்து நூலாகிப் போனபின்னும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தவறாமல் நான் போனதற்கு அதுதான் காரணம்.

சரி, சமையலுக்கு வருகிறேன். நவம்பரில் கோயில் விற்பனைக்காக லெஃப்ஸா போடுவார்கள். நார்வேக்காரர்களின் உருளைக்கிழங்கு ரொட்டி. கிழங்கை வேகவைத்துப் பிழிந்து, சூட்டோடு வெண்ணெய், கிரீம், உப்பு, கொஞ்சம் சர்க்கரை போட்டு, ராத்திரி முழுக்கக் குளிர வைக்க வேண்டும். மாவு சேர்ப்பது மறுநாள், தேய்க்கப் போகும் நேரத்தில்தான். சூடாக இருக்கும்போதே சேர்த்தால் பிசுபிசுத்து மேலும் மேலும் மாவைக் குடிக்கும், ரொட்டி தோலாகிவிடும். அவர்கள் கிழங்கு பிழியும் கருவியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் இடியாப்ப அச்சுக்கு அக்கா தங்கை. அடுத்த வருடம் நான் வீட்டு அச்சையே கொண்டுபோனேன், நன்றாகவே பிழிந்தது. துணி போர்த்திய வட்டப் பலகையில், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய குழவியால், அடியில் உள்ள துணி தெரிகிற மெல்லிசாகத் தேய்ப்பார்கள். மெல்லிய நீளக் குச்சியை நடுவில் விட்டுத் தூக்கி, 500 டிகிரி ஃபாரன்ஹீட்டில் எண்ணெய் இல்லாத கல்லில் போட்டு, பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்ப வேண்டும். போளி தட்டிய கைக்கு இது வந்துவிடும். மூன்றாவது வருடத்திலிருந்து தேய்க்கும் பலகை ஒன்று எனக்கென்று ஆகிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் புதன்கிழமைதோறும் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மாலை ஆராதனை. ஒரு புதனை நான் ஏற்றுக்கொண்டேன். இங்கே முல்லிகடானி என்று டின்னில் விற்பது நம் மிளகுத்தண்ணீர்தான், பெயரும் அதிலிருந்துதான் வந்தது. அசலையே வைப்போம் என்று 60 பேருக்கு இரண்டு கிலோ துவரம்பருப்பு, தக்காளி, சீரகம், கடைசியில் தேங்காய்ப்பால் என்று வைத்தேன். மிளகு நம் அளவில் பாதி, மீதியைப் பொடித்துக் கிண்ணத்தில் தனியாக. ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சீட்டு வைக்க வேண்டும். "கோதுமை இல்லை" என்று எழுதி வைத்துவிட்டேன். பரிமாறக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பெருங்காயத்தூள் டப்பா கண்ணில் பட்டது. திருப்பிப் படித்தால், பொருள்களில் கோதுமை மாவு! கூட்டுப் பெருங்காயத்தில் சேர்ப்பார்கள், இத்தனை வருடம் நான் கவனித்ததே இல்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத இரண்டு பேர் சபையில் இருந்தார்கள். ஓடிப்போய்ச் சொல்லிச் சீட்டை மாற்றினேன். அன்றைக்கு வெலவெலத்த கை ராத்திரி வரை அடங்கவில்லை. வெளியாட்களுக்குச் சமைக்கிறவர்கள் பெருங்காய டப்பாவைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, பேச்சு நடக்கும் இடத்தைத் தேடாதீர்கள், கைக்கு வேலை இருக்கும் இடத்தைத் தேடுங்கள். கோயிலாக இருக்கலாம், குருத்வாரா சமையற்கட்டாக இருக்கலாம், நூலகத்தில் கம்பளி பின்னுகிறவர்கள் கூட்டமாக இருக்கலாம். குனிந்து வேலை பார்க்கும்போது பேச்சு தானாக வரும்; வராவிட்டாலும் சங்கடமில்லை. என் ஆங்கிலம் அந்த மேஜையில்தான் தேறியது. அப்புறம், முதலில் ஒரே ஒரு வேலையை எடுங்கள். இரண்டாம் வருடம் ஞாயிறு பள்ளி, சமையல், போர்வை மூன்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டில் எரிந்து விழ ஆரம்பித்தேன். இரண்டை விட்டேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. விசா விஷயத்திலும் கவனம் வேண்டும். பணமோ கிஃப்ட் கார்டோ வாங்கக் கூடாது. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் அலுவலக வேலையை "சும்மா உதவிக்கு" என்று செய்வதும் சிக்கல். எல்லோரும் இலவசமாகவே செய்கிற வேலையாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அது கோயிலுக்கு, பிடியரிசிக் காணிக்கை. இங்கே நான் பானை வைக்கவில்லை. ஒரு வருடம் அம்மாவின் பழைய அரக்குப் பருத்திச் சேலையைச் சதுரமாக வெட்டி எடுத்துப் போனேன். பாட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மெல்லியது, அடியில் இன்னொரு துணி வைத்துத் தை என்றார். இரட்டையாகவே தைத்தேன்.

போர்வைகளை அனுப்புவதற்கு முந்தின ஞாயிறு, அவற்றைப் பெஞ்சுகளின் முதுகில் வரிசையாகப் போர்த்தி வைத்து ஜெபிப்பார்கள். கோயில் முழுக்கக் கலர். மூன்றாவது பெஞ்சில் அம்மாவின் சேலை இருந்தது. சாயங்காலம் போனில் சொன்னேன்.

"யாருக்குப் போவுதாம்?" என்றார் அம்மா.

எந்த நாடு என்று இன்னும் சொல்லவில்லை, குளிர் ஊராகக்கூட இருக்கலாம் என்றேன்.

"குளிர் ஊரா? அப்ப அந்தப் பச்சைச் சேலை இன்னும் கெட்டியா இருக்குமே. அதைக் குடுத்திருக்கலாம்ல?"

அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்தவரிடம் பச்சையும், கூடவே இன்னும் இரண்டும் கொடுத்துவிட்டிருந்தார்.