டிரஸ்ட் மேல் கேஸ் போட முடியாதா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அம்மாப்பேட்டையில் ஏழைப் பிள்ளைகள் படிப்புக்காக ஒரு டிரஸ்ட் நடத்துகிறோம். மாடி கட்டிய காண்ட்ராக்டர், பாக்கி கேட்டு டிரஸ்ட் பேருக்கு மட்டும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். "டிரஸ்ட் மேல் கேஸே நிற்காது, விடுங்க" என்கிறார் எங்களில் ஒருவர். அப்படியானால் ஏற்காட்டில் ஒரு பெரியவர் தானமாகத் தரும் நிலத்தை மட்டும் டிரஸ்ட் பேரில் எப்படி வாங்குவது?

— சேலம் வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி, அந்தப் பாதியை நம்பி நோட்டீஸைக் கிடப்பில் போட்டால்தான் வம்பு. கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள்; டிரஸ்ட் அப்படி இல்லை. சொத்தை வைத்திருப்பவர் இன்ன காரியத்துக்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கடமைக்குத்தான் 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டம் 'டிரஸ்ட்' என்ற பெயரை வைத்திருக்கிறது; அது தனியார் டிரஸ்ட்டுகளுக்கான சட்டம், ஆனாலும் உங்களுடையதைப் போன்ற தர்ம டிரஸ்ட்டுக்கும் இந்த அடிப்படைதான். பான் கார்டும் பேங்க் கணக்கும் டிரஸ்ட் பேரில் இருக்கிறதே என்பீர்கள். அது வரிக்கும் வரவு செலவுக்கும் உள்ள வசதி, அவ்வளவுதான்.

ஆக, கேஸ் டிரஸ்டிகள் மேல் வரும். டிரஸ்டிகள் பலர் இருந்தால் எல்லோரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 31. காண்ட்ராக்டர் இப்போது விட்டிருந்தாலும் பிறகு கோர்ட்டில் மனு போட்டு உங்கள் ஐந்து பேரையும் சேர்த்துவிடலாம், அதனால் பேரில் உள்ள குறையைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் கணக்கைப் பார்த்து, நியாயமான பாக்கி என்றால் பேசித் தீருங்கள். டிரஸ்ட்டுக்காக முறையாகச் செய்த செலவை டிரஸ்ட் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ள டிரஸ்டிக்கு உரிமை உண்டு. தீர்மானம் போடாமல் தன்னிச்சையாக ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் கைக்காசுக்கு வேட்டு வைக்கலாம். செக் ஏதும் கொடுத்துத் திரும்பியிருக்கிறதா? டிரஸ்ட்டைச் சேர்க்காமலே, கையெழுத்துப் போட்ட டிரஸ்டி மேல் வழக்கு நடத்தலாம் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் ஏற்காடு நிலம். தாராளமாக வாங்கலாம். தானப் பத்திரத்தில் டிரஸ்ட் பெயரைப் போட்டு, "அதன் டிரஸ்டிகள் மூலமாக" என்று எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்யுங்கள். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே நீங்கள் ஏற்றுக்கொண்டதும் பத்திரத்தில் வரட்டும். சட்டப்படி உரிமை டிரஸ்டிகள் கையில் இருந்தாலும் அது அவர்கள் சொந்தச் சொத்து ஆகாது: ஒரு டிரஸ்டி இறந்தால் அவர் பிள்ளைகள் பங்கு கேட்க முடியாது, அவர் சொந்தக் கடனுக்கு அதை ஜப்தி செய்யவும் முடியாது. பத்திரம் போடும் முன் வில்லங்கம் பாருங்கள். மலை நிலம் என்பதால் பட்டாவையும் தாலுகா ஆபீசில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.