பீடத்தருகே கொடி

மதிப்பிற்குரிய ஐயா,

சாயர்புரம் பக்கத்துச் சபை ஒன்றைச் சேர்ந்தவன் நான். சுதந்திர தினத்தை ஒட்டிய ஞாயிறு ஆராதனையில், எங்கள் ஆலயத்துக்குள் தேசியக் கொடியைக் கொண்டுவந்து பீடத்தருகே நிறுத்தினார்கள். வாலிபர் சங்கத் தம்பி ஒருவர், வளாகத்தில் ஏற்றினால் போதாதா என்று கேட்டதற்குச் சபைக் கமிட்டியில் 'தேசப்பற்று இல்லாதவன்' என்று பெயர் வாங்கிவிட்டார். என் அலுவலகத்திலோ, 'நீங்கள் முதலில் இந்தியரா, கிறிஸ்தவரா?' என்று கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் எனக்குப் பதில் வரவில்லை. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

தம்பி கேட்டது சரி என்றே நான் கருதுகிறேன். 1947க்கு முன்பு திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) ஆலயங்களில், காலை மாலை ஆராதனைகளில் இங்கிலாந்து அரசருக்காக வேண்டுவது ஜெபபுத்தகத்தின் ஒழுங்கு. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதாகி, நெல்லையும் தூத்துக்குடியும் கொந்தளித்த நாட்களிலும் அந்த ஒழுங்கு மாறியிருக்க வழியில்லை. ஆள்பவருக்காக ஜெபிக்கச் சொல்வது வேதம்தான். ஆனால் ஆட்சியின் சின்னத்தையும் தேவ சந்நிதியையும் ஒன்றாகப் பார்த்துப் பழகிய சபைக்கு, ஆட்சி தவறும்போது அதைச் சொல்ல நா எழுவதில்லை. அன்று வேறு கொடி, இன்று நம் கொடி என்பதால் அந்தப் பழக்கம் நல்லதாகிவிடாது.

நம் மண்ணில் சுயமரியாதையோடு நின்ற கிறிஸ்தவர்கள் விசுவாசத்தை விட்டுவிட்டு அப்படி நிற்கவில்லை. நாசரேத் வட்டாரத்துச் சட்டாம்பிள்ளை, தம் சமூகத்தை மிஷனெரி கால்டுவெல் தாழ்த்தி எழுதியதில் மனம் கொதித்து, 1857இல் மிஷனெரிகளை விட்டு விலகித் தனிச் சபை கண்டு, அதன் பெயரிலேயே 'இந்து' என்ற சொல்லையும் வைத்துக்கொண்டார். (இன்று அந்தப் பெயரைக் கேட்டால் இரு தரப்பாரும் திகைப்பார்கள்.) வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் ஆங்கிலிக்கன் பேராயரான அசரியாவோ சபைக்குள்ளேயே இருந்து, இந்தியப் பணத்தாலும் இந்திய ஊழியராலும் நடக்கும் மிஷனெரி சங்கத்தை 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கத் துணைநின்றார், 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேற்கத்திய மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இவர்களிடம் 'முதலில் யார்' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆகஸ்ட் 15 காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா நாளும்கூட. தேர்க்கூட்டத்தில் நிற்பவரிடம் இன்று எதைக் கொண்டாடுகிறீர் என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துவிடுவார். அலுவலக நண்பருக்கு அந்தச் சிரிப்பே போதும்.

கமிட்டியாருக்கு மட்டும் ஒன்றை நினைவூட்டுங்கள். தேசிய கீதத்தைப் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் யெகோவா சாட்சிகள். அவர்களுடைய இறையியல் எனக்கு உடன்பாடானதன்று, நான் பாடுகிறவன். ஆனால் பாடாத வாயைத் தேசத் துரோகம் என்று சட்டமே சொல்லாதபோது, கொடிக்கு வளாகத்தில் இடம் கேட்ட பிள்ளையை நாம் அப்படிச் சொல்லலாமா?

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கே அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி எரேமியா எழுதினார். அடுத்த ஆண்டு கொடியை ஆலய முற்றத்தில் ஏற்றி, எல்லோருமாகக் கீதம் பாடிவிட்டு உள்ளே போங்கள். தேசத்துக்கான ஜெபத்தை அந்தத் தம்பியையே ஏறெடுக்கச் சொல்லுங்கள்.