வாசகர் கேள்வி: பழைய வண்டிக்குக் கையால் வெட்டும் பேக்கிங்

என் யெஸ்டி பைக்கின் கிளட்ச் கவருக்குப் பேக்கிங் (ஆயில் ஒழுகாமல் கவருக்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்கும் காஸ்கெட்) கிடைக்கவில்லை. பேப்பரைக் கவர்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டினேன். மூன்றாவது முறையும் ஆயில் ஒழுகுகிறது. (குலசேகரம் வாசகர்)

தட்டியதுதான் வினை. சுத்தியல் படும்போது பேப்பர் மட்டுமா வெட்டுப்படுகிறது? அலுமினிய விளிம்பும் நசுங்கி மயிரிழை மேடாகிறது. அந்த மேடு பேக்கிங்கைத் தூக்கிப் பிடிக்க, பக்கத்து இடைவெளியில் ஆயில் கசியும். வார்ப்பிரும்பு ஓரளவு தாங்கும், அலுமினியம் தாங்காது.

ஆகவே முதல் வேலை பேப்பரில் இல்லை. ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைத் தின்னரில் ஊறவிட்டு மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் கீறலே தனி ஒழுக்கு. கவரின் முகம் முழுக்க மார்க்கர் மை தீற்றி, கண்ணாடித் துண்டில் விரித்த 400 நம்பர் எமரி பேப்பர்மேல் மெல்லத் தேயுங்கள். மை அழியாத இடம் பள்ளம். சீராக அழியும்வரை தேய்த்துவிட்டு, எமரித் தூள் போக மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.

பழைய பேக்கிங்கின் நசுங்காத ஓரத்தை வெர்னியரில் அளந்து அதே கனத்தில் பேப்பர் வாங்குங்கள். கவருக்கு 0.5 மி.மீ. பெரும்பாலும் போதும். சிலிண்டர் அடிப் பேக்கிங் வேறு கதை: அங்கே கனம் கூடினால் கம்ப்ரஷன் இறங்கும், டூ ஸ்ட்ரோக்கில் போர்ட் (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளை) திறக்கும் நேரமும் மாறும்.

இனி வெட்டு. கவர் முகத்தில் விரல்நுனியால் கிரீஸைத் துளி தடவிப் பேப்பரை அழுத்தினால் உருவம் பதிந்துவிடும். முதலில் எதிரெதிர் மூலையில் இரண்டு துளை. 6 மி.மீ. போல்ட்டுக்கு 6.5 அல்லது 7 மி.மீ. துளையிடும் பஞ்ச். அடியில் மரத்துண்டின் குறுக்குவெட்டு முகம் இருக்கட்டும், பஞ்ச் முனை மழுங்காது. (உங்கள் ஊரில் ரப்பர் மரத்துக்கா பஞ்சம்!) அந்த இரண்டு துளையிலும் போல்ட்டைச் செருகி, பொருந்துகிறதா பார்த்தபின் மற்றவை. அடுத்து உள்விளிம்பு, கடைசியில்தான் வெளிவிளிம்பு. மாற்றிச் செய்தால் பேப்பர் நாடாவாகிக் கையில் நெளியும். ஆயில் வழித் துளை ஒன்றை மறந்தாலும் என்ஜினுக்கே கேடு. பேக்கிங்கை வெளிச்சத்தில் பிடித்துக் கவரோடு ஒப்பிடுங்கள்.

மாட்டும்போது மெல்லிய கிரீஸ் போதும். சிலிக்கான் பேஸ்ட்டை அப்பினால் உள்ளே பிதுங்கிய துணுக்கு ஆயில் வழியை அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

பழைய ஸ்டாக் பேக்கிங் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கத் துளை 2 மி.மீ. தள்ளி நிற்கிறது. வேறு மாடலோ? (தக்கலை வாசகர்)

காய்ந்து சுருங்கியிருக்கலாம். ஈரத்துணி இரண்டுக்கு நடுவே அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், நீளும். துளைகளை இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் மாறி மாறி வருவதால் வெட்டிவைத்த பேப்பரும் இப்படி ஆடும். வெட்டிய அன்றே மாட்டுவது நல்லது.

பழைய புல்லட்டின் தாமிர ஹெட் பேக்கிங்கை மறுபடி போடலாமா? (குளச்சல் வாசகர்)

ஒற்றைத் தகடாக, கீறலும் மடிப்பும் இல்லாமல் இருந்தால் போடலாம். ஒருமுறை நசுங்கிய தாமிரம் இறுகிப்போயிருக்கும். தட்டையான இரும்புப் பலகையில் வைத்து, நிழலில் மங்கிய சிவப்பு தெரியும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். இரும்புபோல் இது தண்ணீரில் கடினமாகாது, மிருதுவாகவே இருக்கும். மேலே படிந்த கருப்பும் உதிரும். நடுவே நார் வைத்த அடுக்குப் பேக்கிங்கை மட்டும் சூடாக்கக் கூடாது. பழையதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை நனைத்துச் சுரண்டுங்கள், வயர் பிரஷ் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம்.