முதலாளிக்கு ஒரு ஊளை – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சென்ற மாதக் கட்டுரையில் மல்யுத்த ரசிகர்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முடிவு முன்பே எழுதப்பட்டது என்று தெரிந்து பார்க்கிறவர்களுக்குத்தான் முடிவின் மேல் கோபம் அதிகம் என்று. என்னைப் பெயர் சொல்லித் திட்டியது போலிருந்தது.

எனக்கு 38 வயது. மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு காலத்திலிருந்து டபிள்யூ.டபிள்யூ.இ. பார்க்கிறேன். 2022 ஜூலையில் அதன் முதலாளி வின்ஸ் மெக்மான் ஓய்வு அறிவித்தது நம் ஊரில் நள்ளிரவு தாண்டி. காலையில் செய்தி பார்த்துவிட்டு நானும் இரண்டு நண்பர்களும் டீக்கடையில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தோம். வின்ஸின் மருமகன், பழைய வீரர் ட்ரிபிள் எச் வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று பேச்சு. 2025 டிசம்பரில் ஜான் சீனாவின் கடைசி மேட்ச் முடிந்ததும் அரங்கமே அதே ட்ரிபிள் எச்சைப் பார்த்து ஊளையிட்டது. இங்கே சோபாவில் உட்கார்ந்து நானும் திட்டினேன். என் மனைவி கேட்டாள்: "இந்த ஆளு வந்ததுக்குத்தானே அன்னிக்கு ஊருக்கே பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. யார் வந்தாலும் திட்டுவதுதான் எங்கள் வேலையா? கதை என்று தெரிந்த ஒன்றில் முதலாளி யார் என்பதற்கு ஏன் இவ்வளவு கவலை?

(பெயர் வேண்டாம் அண்ணா. ஆபீசில் நான் கிரிக்கெட் பார்க்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நல்ல கேள்வி உங்கள் மனைவி கேட்டதுதான். இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அது கொஞ்சம் சுலபம்.

கிரிக்கெட் வாரியத்தின் தலைவர் மாறினால் யார்க்கர் பந்து யார்க்கர் பந்தாகத்தான் விழும். மல்யுத்தத்தில் அப்படி இல்லை. யார் ஜெயிக்க வேண்டும், யார் எத்தனை நிமிடம் பேச வேண்டும், யாருக்கு என்ன பெயர் என்பதெல்லாம் மேலே இருப்பவர் கையில். வின்ஸ் 1982இல் அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கியவர். ஏறக்குறைய நாற்பது வருடம் கடைசி வார்த்தை அவருடையது. மேடைக்குத் திரை தாண்டி உள்ளே, கொரில்லா பொசிஷன் என்று சொல்வார்களே, அந்த இடத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வர்ணனையாளர் காதில் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். பெல்ட் என்று சொல்லக்கூடாது. ஹாஸ்பிட்டல் என்று சொல்லக்கூடாது, 'மெடிக்கல் ஃபெசிலிட்டி' என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே வேலை பார்த்து வெளியே வந்தவர்கள் பலர் சொன்னது இது. மேட் ரிடில் ஒருநாள் வெறும் ரிடில் ஆனார், ஆஸ்டின் தியரி வெறும் தியரி ஆனார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பெயரில் பாதியை வெட்டுகிற முதலாளியை ரசிகன் கவனிக்காமல் எப்படி இருப்பான்?

நம் ஊர்க் கூத்தில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் மேல் மண்ணை வாரி வீசிய பாட்டிகள் உண்டு என்பார்கள். இன்றைய மல்யுத்த ரசிகனுக்கு வேஷக்காரர் மேல் வருத்தமே கிடையாது. அவன் கூத்து வாத்தியாரைத் தேடுகிறான். ஜான் சீனாவைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்த குந்தரை நீங்கள் ஒரு வார்த்தை திட்டினீர்களா? கடிதத்தில் அவர் பெயரே இல்லை பாருங்கள்.

ஆனால் இந்தத் தேடலிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வாத்தியாரே வேஷம் கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? 1997 நவம்பர் 9, மாண்ட்ரியல். அன்றைய சாம்பியன் பிரெட் ஹார்ட்டுக்குச் சொல்லாமலே முடிவை மாற்றி, மணியை அடிக்கச் சொல்லி, அவர் சொந்த நாட்டிலேயே பட்டத்தைப் பறித்தார் வின்ஸ். ஹார்ட் அவர் முகத்தில் துப்பினார். அரங்கம் கொதித்தது. அது நிஜக் கோபம். வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்திருப்பார். வின்ஸ் அந்தக் கோபத்தை அப்படியே எடுத்து 'மிஸ்டர் மெக்மான்' என்ற வில்லன் முதலாளியாக மாற்றி, ஸ்டோன் கோல்ட் என்ற வீரரிடம் வாராவாரம் அடி வாங்கினார். முதலாளியைத் திட்ட நாம் டிக்கெட் வாங்கினோம், காசு முதலாளிக்கே போனது. ஒரு வியாபாரியாக அவரைப் பார்த்து நான் வாய் பிளந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இதன் விளைவு 2022 ஜூன் 17 அன்று தெரிந்தது. இரண்டு நாள் முன்புதான் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி வெளியிட்டிருந்தது: முன்னாள் பெண் ஊழியர் ஒருவருக்குப் பணம் கொடுத்து வாயை மூட வைத்த ஒப்பந்தம் பற்றி இயக்குநர் குழு விசாரிக்கிறது என்று. அன்று காலை தலைமைப் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக விலகினார். அன்று இரவே மினியாபொலிஸில் ஸ்மாக்டவுன் என்ற வாராந்திர நிகழ்ச்சியின் மேடைக்கு வந்தார். அதே இசை, தோளை ஆட்டிக்கொண்டு அதே நடை. கம்பெனியின் விளம்பர வாசகத்தைச் சொன்னார், மைக்கைப் போட்டுவிட்டுப் போனார். ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். அரங்கம் கைதட்டியது. இருபத்தைந்து வருடம் கதையில் ஊளையிட்டவர்கள், ஊளையிட நிஜமான காரணம் வந்த அன்று கைதட்டினார்கள். எனக்கும் அந்த இசை கேட்டதும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, மறைக்க விரும்பவில்லை. மனிதரைப் பார்த்தா பாத்திரத்தைப் பார்த்தா என்று எனக்கே தெரியாத சிரிப்பு.

ஜூலையில் அதே பத்திரிகை இன்னொரு செய்தி வெளியிட்டது. பதினாறு வருடங்களில் நான்கு பெண்களுக்கு 1.2 கோடி டாலருக்கு மேல். ஜூலை 22 அன்று 77 வயது, ஓய்வு என்று ஒரு ட்வீட். அன்றிரவு பாஸ்டனில் மகள் ஸ்டெஃபனி மேடையேறி 'தேங்க் யூ வின்ஸ்' கோஷத்தைத் தொடங்கி வைத்தார், அரங்கமும் சேர்ந்துகொண்டது. நீங்கள் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீர்கள். இரண்டும் ஒரே செய்திக்கு வந்த எதிர்வினைகள். இரண்டிலும் அந்தப் பெண்கள் இல்லை.

உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்தபிறகு அந்த வாரம் நான் நண்பன் ஒருவனுக்கு அனுப்பிய வாட்ஸப்பை மேலே தள்ளித் தள்ளித் தேடிப் பார்த்தேன். வேலையை விட்டு அனுப்பப்பட்ட வீரர்களில் யார் யார் திரும்பி வருவார்கள் என்று ஒரு பட்டியல், ஒன்பது பெயர். அதற்குக் கீழே 'ஒழிஞ்சான்'. அவ்வளவுதான் என் பங்கு.

சரி, சந்தோஷத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ட்ரிபிள் எச் என்.எக்ஸ்.டி. என்ற புதுமுகங்களுக்கான நிகழ்ச்சியை வளர்த்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் 'நம்ம ஆள்'. 2021 செப்டம்பரில் அவர் இதயச் சிகிச்சையில் இருந்த சமயத்தில் அதன் நிறத்தையும் முகத்தையும் மாற்றினார்கள். அந்தக் காயம் ரசிகர்களுக்கு ஆறவில்லை. அதனால் வின்ஸ் போன எட்டாவது நாள், நாஷ்வில் ஊரில் நடந்த சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் வீராங்கனை பேலியோடு இயோ ஸ்கையும், மூன்று மாதம் முன்பு வேலையை விட்டு அனுப்பப்பட்ட டகோட்டா கய்யும் நடந்து வந்தபோது, ஒரு வீட்டில் பூட்டிய அறையைத் திறந்தது போலிருந்தது. அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் விளக்கெல்லாம் அணைந்து, ஆயிரக்கணக்கான செல்போன் வெளிச்சத்துக்கு நடுவே ஒரு கதவு திறந்து, லாந்தரோடு வீரர் பிரே வயட் வந்தாரே. முகமூடியைக் கழற்றியதும் கூட்டம் எழுப்பிய சத்தம் சாதாரணமாக ஜெயிக்கிற வீரனுக்குக் கிடைப்பதில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில் அவர் இறந்துபோனார் என்பதால் அந்தக் காட்சியை இப்போது பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

அப்புறம் 2023 ஜனவரி. வின்ஸ் கையிலிருந்த பங்குகளில் ஒவ்வொன்றுக்கும் பத்து ஓட்டு. ஓய்வு என்று ட்வீட் போட்டவர் ஓட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. நான் இல்லாமல் விற்பனையும் கிடையாது, ஒளிபரப்பு ஒப்பந்தமும் கிடையாது என்று சொல்லி இயக்குநர் குழுவுக்குள் திரும்ப வந்தார். சில நாளில் ஸ்டெஃபனி ராஜினாமா. அன்று இரவே கம்பெனியை சவூதிக்கு விற்றுவிட்டார்கள் என்று ஒரு வதந்தி. பொய் என்று தெரிவதற்குள் ரசிகர்கள் ஒப்பாரி வைத்து, சபதமெல்லாம் எடுத்து முடித்திருந்தார்கள். ஏப்ரல் 2இல் வீரர் கோடி ரோட்ஸ், வருடத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் தோற்றார். மறுநாள் கம்பெனி எண்டெவர் என்ற நிறுவனத்துக்குப் போகிற அறிவிப்பு. கறுப்புச் சாயம் பூசிய புது மீசையோடு வின்ஸ் டிவியில் உட்கார்ந்திருந்தார். 930 கோடி டாலர் மதிப்பில் ஒரு கம்பெனி கைமாறிய அன்று, என் டைம்லைன் முழுக்க அந்த மீசைதான்.

உங்கள் மனைவிக்கான பதில் 2024 ஜனவரி, பிப்ரவரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் தேதிவாரியாகப் பாருங்கள். ஜனவரி 25 அன்று முன்னாள் ஊழியர் ஒருவர் வின்ஸ் மேல் பாலியல் வன்முறை உள்ளிட்ட மிகக் கடுமையான குற்றச்சாட்டுகளோடு வழக்குப் போட்டார். அவர் மறுத்தார், இன்றும் மறுக்கிறார். மறுநாள் ஸ்லிம் ஜிம் என்ற உலர்ந்த இறைச்சித் தின்பண்டக் கம்பெனி தன் விளம்பரத்தை நிறுத்திவைத்தது. அன்று மாலையே வின்ஸ் எல்லாப் பதவியிலிருந்தும் விலகினார். அதற்கு மறுநாள் ராயல் ரம்பிள். நிகழ்ச்சி முடிந்து பத்திரிகையாளர்கள் வழக்கைப் பற்றிக் கேட்டபோது ட்ரிபிள் எச் அதைத் தான் படிக்கவில்லை, நல்ல விஷயங்களைப் பேசுவோம் என்ற மாதிரி சொன்னார். மாமனார் மேல் வழக்கு, படிக்கவில்லையாம். சிலர் எழுதினார்கள், கேட்டார்கள். பெரிய கூச்சல் இல்லை.

ஆறு நாள் கழித்து பிப்ரவரி 2. கோடி தன் ரெசில்மேனியா வாய்ப்பை நடிகரும் பழைய மல்யுத்த வீரருமான ராக்கிடம் விட்டுக்கொடுப்பது போல ஒரு காட்சி. ராக் அதற்குச் சற்று முன்புதான் தாய்க் கம்பெனியான டி.கே.ஓ.வின் இயக்குநர் குழுவில் சேர்ந்திருந்தார். முதலாளி வரிசையில் குறுக்கே புகுந்துவிட்டார் என்று ரசிகர்கள் புரிந்துகொண்டார்கள். வெடித்தது. யூடியூபில் அந்த வீடியோவுக்கு டிஸ்லைக் குவிந்தது, அரங்கம் அரங்கமாக 'வீ வாண்ட் கோடி'. ஒரே வாரத்தில் கதை மாறியது. ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் கோடி ஜெயித்தார், நானும் கண் கலங்கினேன்.

நம்மால் கம்பெனியை அசைக்க முடியும் என்பது அந்த வாரம் தெரிந்தது. எதற்காக அசைப்போம் என்பதும் தெரிந்தது. வின்ஸ் விஷயத்தில் ஒரு தின்பண்டக் கம்பெனி நம்மைவிட வேகமாக இருந்தது. இது எனக்கு உறுத்துகிறது, உங்களுக்கும் உறுத்தினால் நல்லது. நீதிமன்றம் இல்லை நாம், சரி. ஆனால் கோடிக்காகப் போட்ட சத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு 'அதை ஏன் படிக்கவில்லை' என்று கேட்டிருக்கலாம்.

இன்னொன்றும் பாருங்கள். ராக் மேல் வந்த அந்த நிஜ எரிச்சலை வைத்தே அவரை 'ஃபைனல் பாஸ்' என்ற வில்லனாக்கினார்கள். இயக்குநர் குழு உறுப்பினர் என்பதே அவர் வசனம். 1997இன் அதே வித்தை, ஆள் மட்டும் வேறு. நாம் மறுபடியும் டிக்கெட் வாங்கினோம்.

சீனாவுக்கு வருகிறேன். போகிறவர் இளையவரிடம் தோற்றுவிட்டுப் போவது இந்தத் தொழிலின் பழைய மரியாதை. தோல்வியில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 'விட்டுக்கொடுக்காதே' என்று சட்டையில் எழுதி எத்தனையோ வருடம் குழந்தைகளுக்கு விற்றவர், கடைசி மேட்சில் தானே தட்டி விட்டுக்கொடுத்தார். எழுதினவருக்கு அது கவிதையாகத் தெரிந்திருக்கும். வாஷிங்டன் அரங்கத்தில் மகனைத் தோளில் வைத்திருந்த அப்பாவுக்குத் தெரியாது. அந்த ஊளை நியாயமானது. நீங்கள் சோபாவில் திட்டியதும் நியாயம்தான்.

ஆனால் டிக்கெட் விலைக்கும், ரிங்கின் தரை முழுக்க அப்பியிருக்கிற விளம்பரத்துக்கும் சேர்த்து ட்ரிபிள் எச்சையே திட்டுகிறார்கள், அது சரியாகப் படவில்லை. அவர் கதைக்குப் பொறுப்பு, கணக்குக்கு மேலே வேறு ஆட்கள். டி.கே.ஓ. தலைமையில் இருக்கும் ஆரி இமானுவேலை எந்த அரங்கத்திலும் யாரும் ஊளையிட்டு நான் கேட்டதில்லை. டபிள்யூ.டபிள்யூ.இ. நிர்வாகத்தில் இருக்கும் நிக் கானுக்கு என்ட்ரன்ஸ் மியூசிக் கிடையாது. முகம் காட்டுகிற முதலாளியைத் திட்ட நமக்கு இருபத்தைந்து வருடப் பயிற்சி, முகம் காட்டாதவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. வின்ஸ்கூட 2025 ஜனவரியில் பங்குச்சந்தை ஆணையத்துக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், நான்கு லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார். இரண்டு ஒப்பந்தங்களைக் கம்பெனியிடமே மறைத்ததற்கு. நம் வாட்ஸப் குழுவில் அன்று பேச்சு ரா என்ற வாராந்திர நிகழ்ச்சி அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது பற்றித்தான்.

உங்கள் மனைவியிடம், ஆமாம், அந்த ஆளுக்குத்தான் பஜ்ஜி வாங்கினேன், அவரைத்தான் திட்டினேன், இரண்டும் சரிதான் என்று சொல்லுங்கள். பஜ்ஜி வாங்கிய காரணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொல்லலாம். இன்னொன்று, மூன்று வருடம் முன்பு வந்தவரும் அன்று மேடையில் நின்றவரும் ஒரே ஆள் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? ட்ரிபிள் எச் தாடி, தலை எல்லாம் மாறிய ஆள், பழைய ரசிகர்களே சட்டென்று அடையாளம் காணமாட்டார்கள். ரா வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் மனைவியும் கூட உட்கார்ந்து பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். சீனா தட்டியது சரியா என்று அவரிடமும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.